மூன்றாவது தோத்திரம்

ஒரே ஒரு பனங்காட்டு ஊர். நாற்பது வீடு, ஒரு கோயில். ஊர்ப் பெயரைக் கேட்காதே, கதைக்கு வேண்டாம். எல்லாரும் வேதக்காரர்கள், இயேசுவைக் கும்பிடுகிறவர்கள். எதிரே யார் வந்தாலும் தோத்திரம் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கை வேலையில் இருக்கும், கண் தரையில் இருக்கும், வாய் மட்டும் சொல்லும்.

இதை ஒரு பிசாசு பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் யோபு வீட்டுக்குள் புகுந்து, அவனைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டு, அவன் முகத்தை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரன் அந்த வழியே மூன்று தடவை போனான், மூன்று தடவையும் தோத்திரம் சொன்னான்.

பிசாசு சிரித்தது. "நான்தான் யோபுன்னு நீயே மூணு தடவை சாட்சி சொல்லிட்ட. இனி அவன் எனக்கு."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டது. அடுத்த வாரம் ராகேல் கிழவியும் அப்படியே போனாள். ஊரே நடுங்கியது. நடுங்கி என்ன செய்தது? கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்தது.

ஞானப்பூவும் ஜெபம் செய்தாள். ஒருநாள் உச்சிவெயில். ஆண்கள் பனையேறப் போயிருந்தார்கள். அவள் முற்றத்தில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தபித்தாள் வந்து நின்றாள். காலையில் இரண்டு தடவை அவளுக்குத் தோத்திரம் சொல்லியாயிற்று. மூன்றாவது நாக்கு நுனிக்கு வந்தபோதுதான் ஞானப்பூவுக்குத் திக்கென்றது. இரண்டுக்கும் பதிலே வரவில்லையே!

நிமிர்ந்தாள். தபித்தாள் முகம்தான். தானா? பத்து வருஷமாகப் பக்கத்து வீடு. மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்டால் தெரியாது.

"என்ன மதினி, தோத்திரம் இல்லையா?"

"ஏட்டி... சாப்பிட்டியா?"

"வயிறு முட்டச் சாப்பிட்டேன். நீ சொல்லு."

ஞானப்பூ தபித்தாள் வீட்டு அடுக்களைக் கூரையைப் பார்த்தாள். புகை இல்லை. நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை. கண் பார்த்திருக்கிறது, மனசு பார்க்கவில்லை.

"சொல்லு மதினி." குரல் கரகரத்தது. "நீ சொல்லாட்டா என்ன, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவா."

அது திரும்பி நடந்தது. ஞானப்பூ "இயேசப்பா" என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டிக் குதித்தாள். முள் காலைக் கிழித்தது. வீட்டுக்குள் மூலையில் ஒரு சாக்கு. அவிழ்த்தாள். உள்ளே தபித்தாள், காய்ச்சலில் அனலாக, பட்டினியில் சருகாக.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. ஐஸ் மாதிரி.

ஞானப்பூ திரும்பவில்லை. மடியில் கிடந்த முகத்தைத்தான் பார்த்தாள். தபித்தாளுக்கு இடது கன்னத்தில் மச்சம். பின்னால் நின்றதன் மச்சம் உதிர்ந்தது. காதோரம் நரை. அதன் நரையும் உதிர்ந்தது. நெற்றியில் பழைய தழும்பு. அதன் தழும்போடு முகமே உரிந்து விழுந்தது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. பிசாசு தடவித் தடவி வெளியே போய், அடுத்த முற்றத்தில் கருப்பட்டிக்குப் பதநீர் கொதித்த கொப்பரைக்குள் தலைகீழாக விழுந்தது. அந்தக் கருப்பட்டியை நாய்கூட முகரவில்லை.

"நீயா மதினி வந்த?" என்றாள் தபித்தாள்.

"பேசாதட்டி. கஞ்சியைக் குடி."

யோபும் ராகேல் கிழவியும் திரும்பவே இல்லை. கேட்காதே, இல்லை என்றால் இல்லை. அயலான்மேல் அன்பாக இரு என்று ஆண்டவர் சொன்னது முகம் பார்த்துச் செய்கிற வேலை.

கதை ஆச்சு. பக்கத்து வீட்டில் இன்றைக்கு யாருக்கு உடம்பு சரியில்லை? தெரியாதா? எழுந்திரு. போய்க் கேட்டுவிட்டு வந்து படு.