ஆதிகுருவின் கையெழுத்து

செங்கமலத்தம்மாவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மருதையன்தான் மூத்தவர். குருவைவிடவே பத்து வயது கூட. அதனால் குரு அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து பக்கத்து ஊர்ல நீங்கதான் பாடம் சொல்லணும் அண்ணே" என்றார் குரு ஒரு நாள்.

மருதையன் பிடிவாதமாக நின்றார்.

"நம்ம பாட்டையெல்லாம் பாடின ஆதிகுரு தன் கையால எழுதின சுவடியைக் கண்ணால பார்க்காம வாயைத் திறக்க மாட்டேன் அம்மா."

"சரி, பார்த்துட்டே வந்துடுவோம்."

சுவடிக் காட்சியகத்தில் மருதையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விரல் அகலத்தில் ஒரு சுவடி, கிளி வடிவில் வெட்டிய ஒரு சுவடி. எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி ஓடினார்.

"மெதுவா அண்ணே. இத்தனை வருஷம் இருந்தது இப்ப எந்திரிச்சா ஓடப்போகுது?"

காப்பாளர் ஜெபராணி ஆதிகுருவின் பாட்டு இருந்த ஓலைக்கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். மருதையன் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது.

"இது அவர் எழுதினதுதானே?"

"இல்லைங்க ஐயா, பிரதி. ஓலை பழசானா புதுசுல எழுதிக்கிட்டு, பழசை ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல விட்டுடுவாங்க. இதை யார் எழுதினாங்கன்னு பேர்கூட இல்லை."

மருதையன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க படிங்கம்மா, கேட்போம்" என்றார் குரு.

ஜெபராணி பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். "கயிற்றுக்குத் தாகமில்லை, குடத்துக்கும் தாகமில்லை, இறைத்த கைக்கு... இதுக்கு மேல பூச்சி அரிச்சிடுச்சு. வேற பிரதியும் எங்கேயும் கிடைக்கலை."

"ஈரமே மிச்சம்" என்றார் மருதையன், தலையைத் தூக்காமலே.

ஜெபராணி நிமிர்ந்தார். "இதை எதுல படிச்சீங்க?"

"படிக்கலை. அம்மா பாடம் சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க குரு."

"அடுத்த அடியும் தெரியுமா?"

"தெரியாம?"

எழுந்து வந்து ராகத்தோடு சொன்னார். ஜெபராணி பென்சிலைத் தேடி எடுத்து நோட்டில் அவசரமாக எழுதினார்.

"அங்க நிறுத்தணும் தாயி. ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. எங்கே, நீங்க சொல்லுங்க."

ஜெபராணி சொன்னார்.

"இழுக்காதீங்க. ம், இப்ப சரி. அடுத்தது."

அரித்துப்போன ஓலை ஒவ்வொன்றாக நிரம்பியது. கடைசி ஓலை முடிந்த பிறகுதான் மருதையனுக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது. குருவின் பக்கம் திரும்பினார்.

"ஆதிகுரு கையெழுத்தைப் பார்க்கவே முடியலையே அம்மா. நான் எப்படிப் போய்ப் பாடம் சொல்றது?"

"இப்ப சொன்னீங்களே, அதே மாதிரிதான் அண்ணே."