திரும்பி வராத நாற்காலிகள்

"நான் கடனை முடிச்சுட்டனுங்க சாமியம்மா. பேங்க்குதான் முடிக்க மாட்டேங்குது."

சென்னியப்பன் இதை நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அத்தனை எரிச்சல்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கரூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், காவிரிக்கரையில், தகரக் கூரை போட்ட சின்ன மடம் அவருடையது. சென்னியப்பனைவிடப் பத்து வயது இளையவர். அதனால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஏதாவது வேலை சொல்லி அனுப்புவார். அப்படியும் கூட்டம் குறையவில்லை. மனிதர்களுக்குப் பதில் கிடைக்காத இடத்தின் மேல் ஒரு ஆசை.

"எந்தக் கடனுங்ணா?"

"கொரோனாவுக்கு முன்னால வாங்குனதுங்க. ரெண்டு லட்சம்."

சென்னியப்பனுக்குக் கரூரில் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, அண்டாவும் கரண்டியும் நாற்காலியும் அவர் கடையிலிருந்து போகும். கொரோனா வந்து கல்யாணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்தபோது, அவருடைய நாற்காலிகள் கிடங்கில் அடுக்கியபடியே கிடந்தன. தவணை நின்றுபோனது. பேங்க் ஆட்கள் சரியாகச் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்துப் போன் செய்து திட்டினார்கள்.

பிறகு கல்யாணங்கள் திரும்பி வந்தன. தவணை மட்டும் திரும்பி வரவில்லை.

"ஒருநா அவங்களே கூப்பிட்டாங்க. மொத்தமா பாதியக் கட்டுங்க, விட்டுடறோம்னாங்க. கையில சல்லிக்காசு இல்லீங்க, வூட்டுக்காரி தாலிக்கொடியை அடகு வெச்சுத்தான் கட்டோணும்னு அழுதேன்."

"வெச்சீங்களா?"

"எங்கீங்க வெச்சேன்? அப்படிச் சொன்னாத்தான விடுவாங்க." அந்த இடத்தில் மட்டும் சென்னியப்பன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "முழுப் பணமும் அப்பக் கையில இருந்துச்சுங்க. பாதிய அங்க கட்டிப்போட்டு, மிச்சத்துல அந்தா நிக்குது பாருங்க, அந்தக் குட்டியானைய வாங்கிட்டேன்."

வேப்பமரத்தடியில் அவருடைய சின்ன லோடு வண்டி நின்றது. அதன் பக்கவாட்டில், 'கனிஷ்கா வாடகைப் பாத்திரக் கடை' என்று மகள் பெயர் மஞ்சள் எழுத்தில் பளபளத்தது. பழைய வண்டிதான். ஆனால் வாரம் தவறாமல் கழுவுவார்.

"கணக்கு முடிஞ்சுதுன்னு பேங்க்குல கடிதாசி குடுத்தாங்க. லேமினேஷன் போட்டு, வூட்ல முருகர் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கறனுங்க."

"அப்புறம் என்னங்ணா?"

அப்புறம்தான் எல்லாமே.

மகள் கனிஷ்காவுக்குத் திருச்சியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டார்கள். கடனுக்கு அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். அதில் சென்னியப்பனின் பழைய கடன் எழுந்து வந்து உட்கார்ந்தது. முழுக்கக் கட்டி முடித்த கடன் என்று அதில் இல்லை. குறைத்துப் பேசி, பாதி வாங்கிக்கொண்டு விட்ட கடன் என்று இருந்தது. கடன் வாங்குகிறவர்களுக்குப் போடும் சிபில் மார்க் பாதாளத்தில் கிடந்தது. மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் நின்ற மகளும் பார்த்தாள். அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"சிபிலைச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு ஒருத்தன் வந்தானுங்க. எட்டாயிரம் வாங்கினான். அன்னைக்கு அணைச்ச போனை இன்னும் போடல."

"மேனேஜர் என்ன சொல்றாரு?"

"அவரு ஒரு கிறுக்கு மனுசனுங்க. மிச்சப் பாதியையும் கட்டி, பாக்கி இல்லைன்னு காயிதம் வாங்கியாங்க, அப்புறம் பேசலாம்ங்கறாரு. முடிஞ்சுபோன கடனை எவனாச்சும் கட்டுவானுங்களா?"

சாமியம்மா ஆய்ந்த கீரையை ஒரு பக்கம் தள்ளினார். காம்புகளை ஒரு பக்கம் தள்ளினார்.

"பௌர்ணமிக்கு இங்க அன்னதானமுங்ணா. ரெண்டு அண்டா, இருபது கரண்டி, நாப்பது சேர் வேணும்."

"சாமியம்மா, நான் கேட்டதுக்கு..."

"சேர் செவப்பா இருந்தா நல்லாருக்கும்."

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஞானம் கேட்டு வந்தவனுக்கு ஆர்டர் கிடைத்தது.

~

பௌர்ணமி முடிந்த மறுநாள் சாமான்களை எடுக்க வந்தார்.

வாசலில் ஒரு அண்டா கவிழ்ந்திருந்தது. அதன் மேல் பத்துக் கரண்டிகள். பக்கத்தில் இருபது நாற்காலிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் நன்றாகக் கழுவித் துடைத்தவை.

இரண்டு முறை எண்ணினார். பிறகு உள்ளே போனார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியம்மாவும் ஒரு சிவப்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மீதி எங்கீங்க சாமியம்மா?"

"அவ்வளவுதாங்ணா."

"நாப்பது குடுத்தனுங்க."

"ஆமாங்ணா. என்னால முடிஞ்சது இருபது. பெரிய மனசு பண்ணி முடிச்சுக்குங்க."

சென்னியப்பனுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

"நீங்க உக்காந்திருக்கறதே என்ர சேருங்களே! முதுகுல கடை பேரு இருக்குது பாருங்க!"

"மடத்துல ஒண்ணுமே இல்லீங்ணா," என்று சொல்லி, சாமியம்மா இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். சாமியாரிடம் நாற்காலிக்குச் சண்டை போடுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுசனா என்கிற பார்வை. உட்கார்ந்திருந்ததோ அவருடைய நாற்காலிகளில்.

"சரிங்க," என்றார் கடைசியில்.

"வாயில சொன்னாப் பத்தாதுங்ணா. கணக்கு முடிஞ்சுதுன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தார். பேனா அழுத்திய அழுத்தில் காகிதம் ஓர் இடத்தில் கிழிந்தது.

~

வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. மனைவி பூங்கொடி அரை மணி நேரம் விடவில்லை.

"வழி கேக்கறேன்னு போனீங்க. இருந்ததையும் குடுத்துப்போட்டு வந்திருக்கீங்க. நல்ல வழிதான் காட்டியிருக்காங்க."

கனிஷ்கா இப்போதெல்லாம் அப்பாவிடம் எதுவுமே சொல்வதில்லை. திருச்சிக் கல்லூரியிலிருந்து போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டிலிருந்து அண்டா அடிப்பிடித்து வந்தது, எந்த வீட்டில் கரண்டி குறைந்தது, எவர் உடைந்த நாற்காலியை நல்ல நாற்காலிகளுக்கு நடுவில் செருகி அனுப்பினார் என்பதெல்லாம் மனசிலேயே நிற்கும். அந்த வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது, கிடங்கு நிறையச் சாமான் இருந்தாலும் எல்லாம் வெளியே போய்விட்டது என்பார்கள்.

சென்னியப்பன் மடத்தின் பெயரை அந்தக் கணக்கில் ஏற்றிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் சாமியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஆத்துக்குக் கூட்டம் வருமுங்ணா. நூறு சேர் வேணும்."

"எல்லாம் வெளிய போயிருச்சுங்க."

"ஒண்ணுகூட இல்லீங்களா?"

"ஒரு கரண்டிகூட இல்லீங்க."

"சரிங்ணா. பாப்பாவுக்குப் பீஸ் கட்டியாச்சுங்களா?"

"இல்லீங்க."

"அதுக்காச்சும் வந்துட்டுப் போங்க."

போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் போக வேறு இடமும் இல்லை.

~

மளிகைக்கடை மாரப்பன் வீட்டுக் கிடாவெட்டுக்கு நாற்காலி இறக்கப் போகிற வழியில், மடத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவர். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் தொங்கியது. லேமினேஷன் போட்டிருந்தது. ஓர் இடத்தில் கிழிந்திருந்தது.

அவர் எழுதிக் கொடுத்த கடிதம்.

சாமியம்மா அதே சிவப்பு நாற்காலியில் இருந்தார். "சேர் இல்லைன்னீங்க. வண்டி நெறைய நிக்குது?"

"அது மாரப்பனுக்குங்க."

"அவருக்கு இருக்குது. எனக்கு இல்லை."

"அவரு எண்ணி வாங்கி எண்ணிக் குடுக்கறவருங்க. ஒண்ணு ஒடஞ்சாலும் நம்ம கேக்கறதுக்கு முன்னால காசை எடுத்து வெப்பாரு."

"நானும்தான் முடிச்சுட்டனுங்ணா. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்தா பாருங்க."

அவ்வளவுதான். மகள் மாடிக்குப் போனது, மனைவி பேசியது, எட்டாயிரத்துக்குச் சிபில் சுத்தம் செய்தவன், மேனேஜர், எல்லாம் சேர்ந்து சென்னியப்பனுக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது. குரு என்றும் பார்க்கவில்லை, கத்திவிட்டார்.

"எழுதிக் குடுத்தா? எழுதிக் குடுத்தாச் சரியாப் போச்சுங்களா? வேற வழியில்லாம எழுதிக் குடுத்தேன்! பாதியக் குடுத்துப்போட்டு, மீதி மேல சொகமா உக்காந்துக்கிட்டு, கையில ஒண்ணுமே இல்லைன்னு என்ர மூஞ்சிக்கு நேராச் சொன்னீங்க. அதையும் கொண்டாந்து சாமிக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கீங்க. இனி எந்தக் கிறுக்கன் உங்கள நம்பி மறுக்காக் குடுப்..."

நின்றுபோனது.

அவர் கண் சுவரில் தொங்கிய கடிதத்துக்குப் போனது.

வெளியே ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரும் எந்திரிங்க," என்றார் சாமியம்மா.

எழுந்தார்கள். அவரே நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். சென்னியப்பன் உதவிக்குப் போனபோது கையால் தள்ளிவிட்டார். பிறகு அண்டா வந்தது. கரண்டிகள் வந்தன. கடைசியில் சுவரிலிருந்த கடிதத்தைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டார். அது அடியில் போய் விழுந்து சத்தம் போட்டது.

"எண்ணிக்குங்ணா."

"வேண்டாமுங்க."

"எண்ணுங்க."

எண்ணினார்.

"சரியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஆடிப்பெருக்குக்கு நூறு சேர் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சாமியம்மா."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாமியம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மஞ்சள் எழுத்துக்கு முன்னால் வந்து நின்று, மகள் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல மெதுவாகப் படித்தார்.

"வண்டி நல்லாருக்குதுங்ணா. யாருது?"

"என்..."

சாமியம்மா காத்திருந்தார்.

சென்னியப்பனும் அந்தப் பெயரைப் பார்த்தார். இத்தனை நாள் வாரம் தவறாமல் கழுவிய பெயர். இப்போது அதை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"பாதிதானுங்க என்னுது," என்றார்.

"அப்பக் கெளம்புங்ணா. பேங்க்கு நாலு மணிக்குச் சாத்திருவாங்க."