கூழைக்கடா கூப்பிடாத காற்று

செங்கடலின் தென்பாதியில், ஒரு மரம்கூட இல்லாத சிறு தீவில், கொடுக்கன் என்ற நண்டு பாறைமேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தது. பேச்சு வழக்கம்போலப் பெருவாயர் என்ற கூழைக்கடாவின் அநியாயங்களைப் பற்றியது.

“முதலாவது, இந்தத் தீவுக்கு இருப்பது ஒரே நிழல். குளத்தோரத் தொங்குபாறை தரும் நிழல். அதைத் தனக்கென்று பிடித்துக்கொண்டார். இரண்டாவது, நியாயம் கேட்கப் போன என் அப்பாவை விழுங்கினார். மூன்றாவது, தென்காற்று தன் குரலுக்குத்தான் வரும் என்று அறிவித்தார். நான்காவது, கூப்பிடத் தொண்டை வேண்டும், தொண்டைக்கு மீன் வேண்டும் என்று தினம் ஒரு மீனை நிழலுக்கு வரவழைத்துத் தின்கிறார். ஐந்தாவது, என் கொடுக்கை ஒடித்தார்.”

“நான்காவதை முதலில் சொல்லக் கூடாதா? எங்களுக்கு அதுதானே வலிக்கிறது” என்றது பாறைக்குளத்திலிருந்த ஒரு சிறு மீன்.

“வரிசை என்றால் வரிசைதான்” என்று கொடுக்கன் மறுபடியும் முதலாவதிலிருந்து ஆரம்பித்தது.

ஒடிந்த கொடுக்கு எப்போதோ முளைத்துவிட்டது. சற்றுச் சிறியதாக முளைத்திருந்தது. ஆனாலும் கூட்டத்தில் பேசும்போது கொடுக்கன் பெரியதை மடக்கிக்கொண்டு சிறியதைத்தான் தூக்கிக் காட்டும்.

அந்தக் கடலில் ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. மழை பெயருக்குத்தான். கோடை முழுவதும் வடகாற்று அடிக்கும். அடித்து அடித்துக் கடல் நீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகும். தீவைச் சுற்றி நீர்மட்டம் ஒரு முழம் இறங்கிவிடும். அலை பாறைக்குளத்தை எட்டாது. குளம் நாளுக்கு நாள் வற்றிச் சுடும். அதில் மாட்டிக்கொண்ட மீன்களுக்கு ஓடவும் வழியில்லை.

ஐப்பசி வாக்கில் காற்று திரும்பும். தெற்கிலிருந்து உப்பும் ஈரமுமாக வீசும். நீர் ஏறும். குளம் நிரம்பும்.

ஒவ்வோர் ஐப்பசியிலும் பெருவாயர் பாறை உச்சியில் ஏறித் தெற்கே பார்த்து வாயைப் பிளப்பார். இரண்டு நாளில் தென்காற்று வந்துவிடும். பிறகு யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்தக் கோடையில் வடக்கேயிருந்து ஓர் ஆமை வந்து சேர்ந்தது. பெயர் நெடுந்துடுப்பு. கொடுக்கன் அதனிடமும் ஐந்து அநியாயங்களையும் சொன்னது.

ஆமை பொறுமையாகக் கேட்டது. “மூன்றாவதுதான் புரியவில்லை. இந்தக் கடலின் வடபாதியில் பன்னிரண்டு மாதமும் வடகாற்றுதான். அங்கேயும் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. நன்றாகவே கத்துகின்றன. ஒரு தென்காற்றும் வந்ததில்லை. இங்கே பருவம் வந்தால் வருகிறது. நடுக்கடலில் இரண்டு காற்றும் முட்டிக்கொண்டு மூச்சடங்கி நிற்கும் இடத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன்.”

கொடுக்கனுக்கு எட்டுக் காலும் துள்ளின. நேராகக் குளத்துக்குப் போனது. “தோழர்களே, இந்த வருஷம் பெருவாயர் காற்றைக் கூப்பிடவே கூடாது. இதுதான் நம் கோரிக்கை.”

மீன்கள் நடுங்கின. “காற்று வராவிட்டால்?”

“செத்துப்போவோம். இப்போது மட்டும் என்ன, தினம் ஒருவர் அவர் தொண்டைக்குள்தானே போகிறோம்?”

“நீ நடப்பாய் தம்பி. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவாய்” என்றது சிப்பியம்மாள். குளத்தின் மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பி அது. நீர் இறங்கினால் முதலில் காய்வதும் அதுதான். “நான் இங்கேயே ஒட்டிப் பிறந்தவள். எனக்குப் போக்கிடம் இல்லை. அதனால் நான் சொல்கிறேன், வழிமொழிகிறேன்.”

அதற்கு மேல் மீன்களால் மறுக்க முடியவில்லை.

பெருவாயர் சிரித்தார். “அப்படியா? கூப்பிடவில்லை. வழியில் வந்துகொண்டிருந்த காற்றையும் திருப்பி அனுப்பிவிட்டேன். காய்ந்து கருவாடாகுங்கள். பிறகு வந்து பொறுக்கிக்கொள்கிறேன்.”

அன்றிலிருந்து பெருவாயரின் தொண்டைக்காக ஒரு மீனும் நிழல் பக்கம் போகவில்லை. ஐப்பசி பிறந்தது. வடகாற்று ஓய்ந்தது. ஆனால் தென்காற்று வரவில்லை. குளம் ஒரு கையளவுக்குச் சுருங்கியது. மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சிப்பியம்மாள் ஓட்டை மூடி மூன்று நாளாயிற்று.

“அம்மா” என்று கொடுக்கன் ஓட்டைத் தட்டியது. ஓடு திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டியது. இந்தக் கோரிக்கையை எழுப்பியது தான்தானே என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் தடவையும் தட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பெருவாயர் மேலே பறந்தார். உயரத்திலிருந்து தெற்கே பார்த்தார். தொலைவில் கடல் கறுத்துச் சுருக்கம் விழுந்து நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்த பிறகுதான் அவர் கூப்பிடவே ஆரம்பிப்பார். அவசரமாகக் கீழே இறங்கினார்.

“கொடுக்கா, எனக்கு மனசு இளகிவிட்டது. ஒரு தடவை கூப்பிட்டுவிடட்டுமா?”

“வேண்டாம்” என்றது கொடுக்கன்.

“மீன்கூட வேண்டாமப்பா. இலவசமாகக் கூப்பிடுகிறேன்.”

கொடுக்கன் குளத்தைப் பார்த்தது. மூடிய ஓட்டைப் பார்த்தது. “ஒரே ஒரு தடவை என்றால்...”

ஓடு ஒரு நூலளவு திறந்தது. “வாயை மூடுங்கள். இரண்டு பேரும்.”

கொடுக்கனுக்கு உயிர் வந்தது. பாய்ந்து போய்ப் பெரிய கொடுக்கால் பெருவாயரின் அலகைச் சேர்த்துக் கவ்விப் பிடித்தது. பெருவாயர் தலையை உதறினார். இறக்கையை அடித்தார். காலால் தள்ளினார். “ம்ம், ம்ம்” என்றாரே தவிர ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆமை சாட்சியாக அருகில் வந்து உட்கார்ந்தது.

அப்படியே ஒரு பகல் போயிற்று. மறுநாள் காலையில் தென்காற்று வந்தது. கவிஞர்கள் பாடும் இளந்தென்றல் இல்லை, மணலை வாரி முகத்தில் அடிக்கும் முரட்டுக் காற்று. கடல் ஏறியது. முதல் அலை குளத்துக்குள் விழுந்தபோது மீன்கள் அழுதன. சிப்பியம்மாள் ஓட்டைத் திறந்து வயிறாரக் குடித்தது.

“யார் கூப்பிட்டது?” என்று ஆமை கேட்டது.

“ம்ம்” என்றார் பெருவாயர்.

அதன் பிறகுதான் கொடுக்கன் பிடியை விட்டது. பெருவாயர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

உடனே கூட்டம் கூடியது. நிழல் எல்லோருக்கும் பொது என்று முடிவாயிற்று. இனி ஒருவரும் இப்படி ஏமாற்றக் கூடாது என்று கொடுக்கன் ஈர மணலில் ஒரு தீர்மானம் எழுதியது. ‘தென்காற்று என்னால்தான் வருகிறது என்று யார் சொன்னாலும், அவர் பெயரைச் சாட்சிகள் முன் உரக்க வாசித்து, ஒரு நாள் முழுக்க நிழலுக்கு வெளியே நிறுத்த வேண்டும்.’ எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு பாராட்டுப் பேச்சுகள் நடந்தன. கேட்கக் கேட்கக் கொடுக்கனுக்கு உடல் பூரித்து ஓடு இறுகியது. மெல்ல நகர்ந்து தொங்குபாறைக்கு அடியில், பெருவாயர் உட்கார்ந்த அதே பள்ளத்தில், போய் உட்கார்ந்தது. இரண்டு சிறு மீன்கள் அதற்குப் பாசி கொண்டுவந்து வைத்தன. அது வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிறிய கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நன்றி சொன்னது. “எத்தனை வருஷப் போராட்டம், எத்தனை இழப்பு. தோழர்களே, இன்று வீசுகிறதே, இது சும்மா வந்த காற்றில்லை. நான் கொண்டுவந்த காற்று.”

மீன்கள் துடுப்பை அடித்துக் கைதட்டின.

“தம்பி, கடைசி வரி காதில் சரியாக விழவில்லை” என்றது சிப்பியம்மாள்.

“நான் கொண்டுவந்த காற்று” என்றது கொடுக்கன், இன்னும் உரக்க.

“நல்லது. அப்படியே அந்தத் தீர்மானத்தையும் ஒரு தடவை வாசித்துவிடு.”

கொடுக்கன் பெருமையோடு மணலருகே வந்து வாசித்தது. பாதி வரியில் குரல் இறங்கியது. முடிப்பதற்குள் கால்கள் எட்டும் உள்ளே மடங்கிவிட்டன.

“அம்மா, நான் போராடினவன். என் அப்பாவைப் பறிகொடுத்தவன்.”

“இல்லையென்று யார் சொன்னது? அதை நூறு தடவை சொல், கேட்கிறேன். காற்றைப் பற்றிச் சொன்னதற்குத்தான் தீர்மானம்.”

“நான் பேச்சு வேகத்தில்...”

“அவரும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.”

கொடுக்கன் சுற்றிப் பார்த்தது. பாசி கொண்டுவந்த மீன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. வெயிலில் நின்ற பெருவாயர் அலகைத் தடவியபடி சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் விட்டார்.

“சாட்சிகள் தயார். பெயர்?” என்றது ஆமை.

கொடுக்கன் தூக்கியிருந்த சிறிய கொடுக்கைக் கீழே இறக்கியது. பிறகு நண்டு நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தது: “கொடுக்கன்.”

பருவத்தில் தானே வருவதை என்னால் வந்தது என்று சொல்லி நிழலைப் பிடித்துக்கொள்பவன், ஊரை விழுங்கியவனானாலும் ஊருக்காகப் போராடியவனானாலும், ஏமாற்றுக்காரனே.