ஒட்டுத்தாளுக்கு அடியில்

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மொக்கச்சாமிக்கு அறுபத்தோராவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு இருபத்தாறு வயது. பெயர் ஜெர்லின், புற்றுநோய் வார்டில் நர்ஸ்.

அவருடைய மனைவி பேச்சியம்மாளின் கையில் ஒரு மெல்லிய குழாய் நுழைந்து, ரத்தக்குழாய் வழியாக நெஞ்சுவரை போகிறது. ஆறு மாதத்துக்கு மருந்தெல்லாம் அதில்தான். வாரம் ஒருமுறை அந்தத் துளையைச் சுத்தம் செய்து, குழாய் நகராமல் கிளிப் மாட்டி, உள்ளே இருப்பது தெரிகிற ஒட்டுத்தாளை மேலே ஒட்ட வேண்டும். ஊரில் அதற்கு ஆள் கிடையாது. மொக்கச்சாமிதான் செய்தாக வேண்டும்.

இது இரண்டாவது குழாய். முதல் குழாயையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் துளையைச் சுற்றிச் சிவந்தது, சீழ் வைத்தது. குளிர்காய்ச்சலில் பேச்சியம்மாள் கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு ஊருக்குப் புறப்பட வேண்டும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன் சிஸ்டர். எங்க தப்புப் பண்ணேன்?"

ஜெர்லின் பழகுவதற்கென்று வைத்திருந்த ரப்பர் கையை மேஜைமேல் எடுத்து வைத்து, செய்யச் சொன்னாள்.

அவர் முகக்கவசம் கட்டினார். விரலிடுக்கு விடாமல் கை கழுவினார். கையுறை போட்டார். துளையைச் சுற்றி மருந்து தேய்த்து, காயும்வரை பொறுத்திருந்தார். கிளிப் மாட்டி, சுருக்கம் விழாமல் தாளை ஒட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"குனிஞ்சு பாருங்க."

தாளுக்கு அடியில், துளையை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது.

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது, பாதியில் நின்றது. முப்பது வருஷம் ஸ்டியரிங்கைத் தொட்டு நெற்றியில் ஒற்றாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. இப்போதும், கிளிப்பைக் கையில் எடுத்ததும் நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் மாட்டினார். நெற்றி நிறையத் திருநீறு.

அந்த ஐந்து வாரமும் அப்படித்தான் செய்தார். பேச்சியம்மாள் ஆடிய கட்டில் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அப்ப நான்தானா?"

"அதுதான் காரணம்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா. வழி இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்."

அவர் கையுறையைக் கழற்றினார்.

"சாமியைக் கும்பிடாம அவ மேல கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை சிஸ்டர். கை நடுங்கும். நான் என்ன செய்ய?"

ஜெர்லின் ஒட்டுத்தாளை உரித்துக் குப்பையில் போட்டாள்.

"எனக்கும்தான் நடுங்கும். தினமும் சிலுவை போட்டுக்கிட்டுத்தான் தொடங்குறேன்" என்றாள். "போட்டுட்டு, அப்புறம் கை கழுவுறேன்."