ஜெர்மன் தொரையோட சாணிமேடு

நான் உள்ளத உள்ளபடி பேசுற ஆளு. உள்ளது பத்தலேன்னா கொஞ்சம் கூடச் சேத்துக்குவேன், அவ்வளவுதான்.

அன்னைக்கு மேல்மலைல விடாத மழை. பஸ்ஸு பாதி மலைல படுத்துக்கிச்சு. வத்தலக்குண்டுக்குப் போக ஒச்சப்பன் அண்ணன் லாரிய விட்டா வேற நாதியில்ல. பின்னாடி பூராம் கேரட் மூட்டை. முன்னாடி டிரைவர் பக்கத்துல ஒரே ஒரு ஆளு உக்காரலாம்.

நான் பையனுக்குப் பொண்ணு பேசப் போறேன். சலவை வேட்டி, சலவைச் சட்டை. மூட்டை மேல நனைஞ்சுக்கிட்டுப் போய் நின்னா, பொண்ணு வீட்டுல பிச்சக்காரன்னு அரிசி போட்டு அனுப்பிருவாங்க. போட்டிக்கு வந்து நிக்குது பூண்டு யாவாரி வெள்ளத்தாயி அக்கா. அதுக்கு முட்டிவலியாம்.

ராவுத்தர் டீக்கடைல ஒச்சப்பன் டீய ஊதிக்கிட்டே எங்க அழுகையக் கேட்டாரு. "நிறுத்துங்க. இருபது வருசமா லாரி ஓட்டுறேன், கேக்காத பொய்யில்ல. என் வாயால 'பொய்யி'ன்னு சொல்ல வைக்கிறவங்க முன்னாடி ஏறுங்க. மூட்டை கட்டி முடிக்கிற வரைக்கும் டயம்."

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. மீனப் பிடிச்சு நீச்சல் போட்டில விட்டா வராதா?

"அண்ணே, எங்கப்பா வில்லம் தொரைகிட்ட வேல பாத்தாரு, தெரியும்ல? ஜெர்மன்காரன். அவரு, பொண்டாட்டி கெர்த்தாம்மா, வண்டி நெறையப் புள்ளைங்க, கப்பலேறி வந்து நம்ம மலைல உருளக்கெழங்கும் முட்டக்கோசும் போட்டாங்க. வீடு கட்டுறதுக்கு முன்னாடி வாசல்ல என்ன கட்டுனாங்கங்கிறீங்க? சாணிமேடு!"

"வாசல்லயா?" ராவுத்தர் டம்ளரக் கீழ வச்சுட்டாரு.

"கோலம் போடுற எடத்துலயே! அவுக ஊருல பொண்ணு குடுக்குறவன் வீட்டப் பாக்க மாட்டான், சாணிமேட்டப் பாப்பான். மேடு பெருசா இருந்தா பெரிய குடும்பம். அதையும் கொட்டிவிட்டா ஆச்சா? ஓரத்த வைக்கோலோட சேத்து சடை பின்னுற மாதிரி பின்னணும். எங்கப்பாவுக்கு அதான் உத்தியோகம். அவரு பின்னுன பின்னலப் பாத்துட்டு கல்யாணப் பொண்ணுங்க, 'எங்களுக்கும் அதே மாதிரி போட்டுவிடுங்க'ன்னு வரிசைல நின்னுச்சுங்க."

"சாணிய வச்சுத்தான் பொண்ணு குடுப்பாங்கன்னா," வெள்ளத்தாயி சொல்லுச்சு, "உன் மகனுக்கு எப்பவோ முடிஞ்சிருக்கணுமே சவரியான். உன் வீட்ட விட சாணி அள்ளாத வீடு ஏது?"

கடையே சிரிச்சுச்சு. நான் ஒச்சப்பனப் பாத்தேன்.

"இருக்கும்," ன்னாரு.

சரி, ஆளு கொஞ்சம் கெட்டிதான். கியர மாத்துனேன்.

"மேடு வளந்துச்சுண்ணே. உள்ளுக்குள்ள கொதிக்குதுல்ல, பனிக்காலத்துல குபுகுபுன்னு ஆவி. காட்டெருமையெல்லாம் குளிர்காய வந்து சுத்தி உக்காந்துக்கிச்சு. சும்மா உக்காரலாமா? உக்காந்த எடத்துல அதுங்களும் போட்டுச்சுங்க. மேடு இன்னும் வளந்துச்சு. வளந்த மேட்டுக்கு இன்னும் காட்டெருமை! கடைசில எங்கப்பா உச்சில நின்னு பின்னிக்கிட்டிருக்கும்போது மேகம் வந்து முட்டும். 'அங்கிட்டுப் போ'ன்னு துண்டால அடிச்சு வெரட்டுவாரு."

"உங்கப்பன் வீட்டுக் கோழியவே வெரட்ட மாட்டானே," ன்னுச்சு வெள்ளத்தாயி. "அது அவன் தலைலதான் முட்டை போடும்."

"இருக்கும்," ஒச்சப்பன் வடைய எடுத்தாரு. எதுக்கு இருக்கும்னாரு, மேகத்துக்கா கோழிக்கான்னு எனக்கு வெளங்கல.

"அத விடுங்கண்ணே. தொரை நேரத்துல கறாரு. சாயங்காலம் ஆறுன்னா ஆறு, சாப்பாட்டு மேசைல எல்லாரும் உக்காந்திருக்கணும். ரொட்டியும் ஆறியிருக்கும், தொரை மூஞ்சியும் ஆறியிருக்கும். ஒருநாள் சேவல் அஞ்சு நிமிசம் பிந்திக் கூவிருச்சு. தொரை அதக் கூப்ட்டு, நிக்க வச்சு, கணக்க முடிச்சு, வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. மறுநாள்லேருந்து சூரியன் வேலி ஓரமா வந்து நின்னு, 'தொரை, வரலாமா?'ன்னு கேட்டுட்டுத்தான் உதிக்கும்."

"அந்தச் சேவலு?" ராவுத்தர் கேட்டாரு.

"பெரியகுளத்துல ஒரு ஆபீஸ்ல சேந்துருச்சு. அங்க பதினோரு மணிக்குக் கூவுனாப் போதும்."

"இருக்கும்," ன்னாரு ஒச்சப்பன். "நான் அந்த ஆபீசுக்குப் போயிருக்கேன்."

எனக்கு வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. வெளிய பாத்தா ஆளுங்க பாதி மூட்டைக்கு மேல கயிறு போட்டுட்டாங்க. என் சலவை வேட்டி என்னையப் பாத்து அழுகுது.

"அண்ணே, முக்கியமானது இனிமேத்தான் வருது. முட்டக்கோசு! ஒவ்வொண்ணும் இந்த லாரி சைசு. அவுக பச்சையாத் திங்க மாட்டாங்க. பொடிசா சீவி, மரப்பீப்பாய்ல உப்பு போட்டு, நல்லாக் குத்தி அமுக்கி, புளிக்க வச்சுத் திம்பாங்க. நாத்தம் எப்படிங்கிறீங்க? சிறுத்த மூக்கப் பொத்திக்கிட்டு மூணு காலுல நடந்து போச்சு. எங்கப்பா பாத்தாரு. மூடி லூசாக் கெடக்கு, அதான் நாறுதுன்னு மூட்டைக்குப் போடுற கயித்தப் போட்டு இறுக்கி, மேல ஆட்டுக்கல்லத் தூக்கி வச்சுட்டாரு. புளிக்கிற சரக்குக்கு மூச்சு விட வழி வேணும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான்," ன்னுச்சு வெள்ளத்தாயி. "வாய மூடுனா என்ன ஆகும்னு உங்க வம்சத்துல யாருக்குத் தெரியும்?"

"கேளுக்கா! கெர்த்தாம்மா பாவம், அது தெரியாம ஆட்டுக்கல்லு மேல மணையப் போட்டு உக்காந்து, தொரைக்குக் காலுறை பின்னிக்கிட்டிருக்காங்க. டமார்! பீப்பா, ஆட்டுக்கல்லு, கெர்த்தாம்மா, எல்லாம் மேல! பழனி தெரியுது, மதுர தெரியுது, கொச்சில நிக்கிற கப்பல் தெரியுது. அந்தம்மா ஒரு கண்ணி கூட நழுவவிடல. போகும்போது ஒரு காலுறை, வரும்போது ஒரு காலுறை. சாணிமேட்டு மேல பொத்துனு வந்து எறங்குனாங்க, பூ மாதிரி. தொரை ஓடி வந்தாரு..."

"கட்டிப் பிடிச்சாரா?" ன்னாரு ராவுத்தர்.

"கடியாரத்தப் பாத்தாரு! 'மணி ஆறு ரெண்டு. சாப்பாட்டுக்கு லேட்டு'ன்னுட்டு உள்ள போயிட்டாரு."

கடைல ரெண்டு பேருக்குப் பொரை ஏறிருச்சு. ஒச்சப்பன் மட்டும் வாயத் தொடைச்சாரு. "இருக்கும். என் வீட்டுலயும் அப்படித்தான். அங்க கடியாரம் பாக்குறது அவ."

இந்தாளு மனுசனா, மைல்கல்லா?

வெளிய லாரிக் கிளீனர் பய தார்ப்பாய உதறுறான். வெள்ளத்தாயி எழுந்து முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "இவ்வளவு பெரிய சாணிமேடு எங்கப்பா போச்சு? ஒரு வரட்டியக் கூடக் காணோம்?" ன்னுச்சு.

இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கையிலிருந்த கடைசிச் சீட்ட எறக்குனேன்.

"எங்க போச்சா? அது மேலதானக்கா நிக்கிற! நம்ம மேல்மலைன்னு சொல்றமே, இது பூராம் அதுதான். தொரை வர்றதுக்கு முன்னாடி இங்க மலையே கெடையாது, பழனி வரைக்கும் சப்பட்டத் தரை. சாணி காஞ்சு, மண்ணு மூடி, மரம் மொளச்சு, இப்ப ஊட்டிக்காரனே பொறாமப்படுறான்!"

எல்லாரும் ஒச்சப்பன் மொகத்தப் பாக்குறாங்க. அவரு ஒருதடவ தரையப் பாத்தாரு. செருப்பால லேசாத் தேச்சுப் பாத்தாரு.

"இருக்கும். அதான் மழை பேஞ்சா ரோடு இந்த வழுக்கு வழுக்குது."

நான் செத்தேன். ஒச்சப்பன் அக்கா பக்கம் திரும்புனாரு.

"என் மொறையா?" ன்னுச்சு வெள்ளத்தாயி. "எனக்கு இவன மாதிரி நீட்டத் தெரியாது தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். நம்ம சவரியான் இருக்கானே, பொறந்ததுலேருந்து அவன் வாயில ஒரு பொய்யி வந்ததில்ல."

"அடி ஆத்தீ!" ஒச்சப்பன் பெஞ்ச விட்டே எந்திரிச்சுட்டாரு. "பொய்யி! பச்சப் பொய்யி!"

கடையே கைதட்டுச்சு. ராவுத்தர் கரண்டியால சட்டியத் தட்டுறாரு. வெள்ளத்தாயி, முட்டிவலிக்காரி, ஒரே தாவுல முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிச்சு. நான் சலவை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, உருளக்கெழங்குச் சாக்க தலைல கவுத்துக்கிட்டு, கேரட்டு மேல ஏறுனேன்.

ரெண்டாவது வளைவு தாண்டுறதுக்குள்ள பனியன் வரைக்கும் ஊறிப் போச்சு. மழை முதுகுல குச்சியால அடிக்கிற மாதிரி அடிக்குது. கீழேருந்து வெள்ளத்தாயி தலைய நீட்டுச்சு. கையில ராவுத்தர் கடை முறுக்கு.

"ஏப்பா சவரி! மேல எப்படியிருக்கு?"

"தாங்கலக்கா!" ன்னு கத்துனேன். "என்னா வெயிலு! உச்சி பொளக்குது! குடையிருந்தா குடு!"

லாரி கிறீச்னு நின்னுச்சு. ஒச்சப்பன் ஜன்னல் வழியா அண்ணாந்து பாத்தாரு. மூஞ்சி பூராம் மழைத்தண்ணி.

"யோவ்! பொய்யிய்யா!"

"அண்ணே, சொல்லிட்டீங்க! சாட்சிக்கு அக்கா இருக்கு! அப்ப முன்சீட்டு எனக்குத்தான?"

ஒச்சப்பன் தலைய உள்ள இழுத்து, கண்ணாடிய ஏத்தி, கியரப் போட்டாரு.

"இருக்கும்," ன்னாரு.