அன்னக்கூடத்துக்கு ஆணி

தில்லைவன சாமிக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்து போகும் கொளஞ்சிநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரியவில்லை, தச்சு வேலைக்கு வந்திருந்த மாசிலாமணி ஆசாரியைத் தவிர.

கொளஞ்சிநாதன் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நட்டு இல்லை, போல்ட் இல்லை என்று அவர் காலத்தில் ஒரு வண்டியும் நின்றதில்லை. எதை வாங்கினாலும் தேவைக்கு இரண்டு பங்கு வாங்கி வைப்பார். ஜபத்திலும் அதே வழக்கம்தான். மனம் அலைந்துவிட்டால் மறுநாள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவார். உருத்திராட்ச மாலை எப்போதும் கையில் இருக்கும். யோசனை வந்தால் விரல் தானாக மணியை உருட்டும்.

கடற்கரையில் அந்த மடத்து அன்னக்கூடம் ஒன்றுதான் பெரிய இடம். புயல் எச்சரிக்கை வந்தால் குப்பத்து ஜனம் பாயும் பிள்ளைகளுமாக அங்கேதான் வந்து படுக்கும். அதன் கூரை ஓலை மட்கிப்போயிருந்தது. மழைக்கு முன்னால் இறக்கிவிட்டுத் தகரம் போட்டுவிடலாம் என்று சாமி சொன்னார். பழைய சுவர்மேல் ஆசாரி புது உத்திரம் ஏற்றி, கைமரமும் அதன் குறுக்கே ரீப்பர் சட்டங்களும் அடித்து முடித்துவிட்டார். தகரமும் வந்து இறங்கிவிட்டது. பாக்கி ஆணிதான். அதைக் கடலூர் போய் வாங்கிவருவது கொளஞ்சிநாதன் பொறுப்பு.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தபடி ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஒரு தகரம் ஒரு ரீப்பர்ல உக்கார்ற எடத்துல மூணு ஆணி," என்றார் ஆசாரி. "அதுக்கு மேல வேணாம்."

"ஆறு போடுங்க."

"ஆறா? கூரை போடறமா, பலாப்பழம் செய்யறமா, ஸ்டோர் ஐயா?"

"ஓரத்துல எட்டு."

"அப்ப தகரத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். ஆணியையே நெருக்கி அடுக்கிட்டா மழை எறங்காது."

கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை.

"புயல் அடிக்கிறப்ப கட்டிலுக்கு அடியில படுத்திருக்கியா நீ?"

ஆசாரி வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

போன புயலில் கொளஞ்சிநாதன் வீட்டுக் கூரை போய்விட்டது. அவரும் மனைவியும் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு விடியும்வரை நனைந்தார்கள். அந்த அம்மாள் இன்றும் காற்று பலத்தால் கட்டில் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். இந்தக் கூடத்தில் நூறு பேர் படுப்பார்கள். அவ்வளவு பேருக்குக் கட்டிலுக்கு எங்கே போவது?

சாமி அடுக்களையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் நிலையருகே நின்றார்.

"ஒரு சந்தேகம், சாமி."

"ஜபத்துலயா?"

"அதை நேத்தே ரெட்டிப்பாக்கிட்டேன். இது ஆணியில."

"சொல்லுங்க ஐயா."

"மூணு போதும்ங்கறார் ஆசாரி. நான் ஆறுன்னு சொல்லியிருக்கேன். இப்ப யோசிச்சா பத்தாக்கிடலாம்னு தோணுது. வாங்கறதைப் பத்திக் கவலையில்ல, கடைக்காரன் நம்ம பழைய ஆளு. கணக்கு மட்டும் சரியா இருந்துட்டாப் போதும். எத்தனை அடிச்சா இந்தக் கூரை பறக்காது?"

சாமி பூசணித் துண்டிலிருந்து விதையை வழித்து முறத்தில் போட்டார்.

"உங்க வீட்டுக் கூரையில எத்தனை அடிச்சிருந்தீங்க?"

"ஆறு. பக்கத்துல நின்னு எண்ணி அடிக்கவெச்சேன்."

"காத்துல எத்தனை புடுங்கிக்கிச்சு?"

"ஒண்ணுகூட இல்ல சாமி!" கொளஞ்சிநாதன் நிமிர்ந்து நின்றார். "மறுநாள் தேடிக்கிட்டுப் போனேன். முந்திரித் தோப்புல கெடந்துச்சு. தகரம், ரீப்பர், உத்திரம், எல்லாம் ஒட்டினது ஒட்டினபடி. ஊரே வந்து பார்த்துச்சு. என் ஆணி ஒண்ணு அசைஞ்சிருக்கணுமே!"

சாமி அரிவாள்மணையை மடக்கி வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அன்னக்கூடத்துக்கு நடந்தார். கொளஞ்சிநாதன் பின்னால் போனார்.

"ஆசாரி, அந்த பெஞ்சை இப்படி மூலைக்குப் போடுங்க. ஐயாவும் நீங்களும் ஏறி நின்னு உத்திரத்துக்குத் தோள் கொடுங்க."

"எதுக்கு சாமி? சும்மா உக்காந்திருக்கிற மரத்தை?"

"தூக்கிப் பாருங்க."

"கனமாச்சே சாமி."

"முடிஞ்சவரைக்கும்."

இருவரும் பெஞ்சில் ஏறினார்கள். கொளஞ்சிநாதன் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உத்திரத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் தோளையும் கொடுத்தார். ஆசாரி மூச்சை இழுத்துப் பிடித்து, "ஏ… ஹோய்!" என்றார்.

உத்திரம் முனகியது. பிறகு எழும்பியது. சுவரின் உச்சியிலிருந்து சுண்ணாம்பும் மரத்தூளும் சரிந்து சாமியின் தோளில் விழுந்தன. சுவருக்கும் மரத்துக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

"ஓலை போட்ட காலத்துலயும் இப்படித்தான் வெச்சிருந்தாங்க சாமி," என்றார் ஆசாரி. அவர் குரல் இறங்கியிருந்தது. "உத்திரத்தைச் சுவரோட புடிச்சுக் கட்டற வழக்கமில்ல."

சாமி அந்த இடைவெளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த காற்று அவர் தாடியை அசைத்தது.

கொளஞ்சிநாதனுக்குத் தோள் வலித்தது. ஆனாலும் இறக்கவில்லை. முந்திரித் தோப்பில் முழுசாகக் கிடந்த கூரை அவர் கண்முன் வந்தது. அன்று அதைப் பார்த்த இடத்திலிருந்தே வீடு தெரிந்தது. நாலு சுவரும் கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

"சாமி, ஆணி…" என்று தொடங்கினார்.

சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க ஐயா. உங்க தோளுக்கு இது எழும்பாம இருக்கணும்னா, தகரத்துல இன்னும் எத்தனை அடிக்கணும்?"

கொளஞ்சிநாதனின் விரல்கள் பழக்கத்தில் மணியைத் தேடின. இரண்டு கைகளும் உத்திரத்தின் அடியில் இருந்தன.