ஒன்பது நாள் கிணறு

கரும்பாறையூர் ராஜா உத்தண்ட பூபதிக்குக் கணக்கு என்றால் உயிர். அந்த உயிரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் தலைமைக் கணக்கர் திருமேனிநாதரிடம் ஒப்படைத்திருந்தார். கணக்கருக்கு வாய்ப்பாடு அத்தனையும் தலைகீழ்ப் பாடம். எதை எங்கே சொல்வது என்பதுதான் தெரியாது. அவ்வளவு பெரிய மனிதருக்கு அது ஒரு குறையா?

நந்தவனத்தில் பன்னிரண்டு முழ ஆழத்துக்கு ஒரு கிணறு வேண்டும் என்றார் ராஜா.

"பாறை மண்ணுங்க மகாராஜா. ஒரு நாளைக்கு முக்கால் முழம்தான் இறங்கும்" என்றான் கிணறு வெட்டும் பேச்சிமுத்து.

கணக்கர் கண்ணை மூடினார். "பன்னிரண்டு முக்கால் ஒன்பது" என்று முக்கால் வாய்ப்பாட்டை ராகம் போட்டார். "ஒன்பது நாள்! தாண்டினால் நூறு கசையடி."

"பத்தாதுங்களே சாமி..."

"வாய்ப்பாட்டையே எதிர்த்துப் பேசுகிறாயா?"

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அளந்தார்கள். ஆறே முக்கால் முழம். பேச்சிமுத்துவைக் கயிற்றில் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவன் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். "சோம்பேறி!" என்று கணக்கர் தம் பூப்போன்ற விரலை நீட்டினார்.

சபையில் வம்பு பேசவென்றே சம்பளம் வாங்கும் குப்பாண்டி எழுந்தான்.

"மகாராஜா, அடிக்கிறதுக்கு முன்னாடி கணக்கர்கிட்ட ஒரு பாடம் கேட்டுக்கிறேன். நான் மரமண்டை."

"கேள்" என்றார் ராஜா.

மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தான். "எத்தனை நாள்னு தெரியாது. அந்த இடத்துல இதை வெச்சுக்குவோம். புளியங்கொட்டை முக்கால் பன்னிரண்டு. சரிதானுங்களே?"

"சரி" என்று கொட்டாவி விட்டார் கணக்கர்.

"கொட்டையை எடுத்துட்டு உங்க ஒன்பதை வைக்கிறேன். ஒன்பது முக்கால்?"

"ஆறே முக்கால்!" பாடம் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் கணக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதினாறை வெச்சா?"



"பன்னிரண்டுங்க" என்றான் பேச்சிமுத்து. "நாலு நாளைக்கு மூணு முழம். பதினாறு நாள் ஆகும்னு அன்னைக்கே சொல்ல வந்தேன்."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டுமா? கணக்கர் நிமிர்ந்தார். "நாளுக்கு ஒரு முழம் என்றால் பன்னிரண்டு நாள். முக்கால் ஒன்றைவிடக் குறைவு. அது குறைந்தால் நாளும் குறையும். இதுதான் சாஸ்திரம்!"

"ஆஹா! அப்போ அரை முழம் வெட்டினா?" என்றான் குப்பாண்டி.

"ஆறு நாள்."

"கால் முழம்?"

"மூன்றே நாள்."

"ஒண்ணுமே வெட்டாம உட்கார்ந்திருந்தா?"

குப்பாண்டி ராஜா பக்கம் திரும்பினான்.

"மகாராஜா, தப்பு பேச்சிமுத்து மேலதான்! இந்தப் பாவி கடப்பாரையைத் தொட்டான், தண்ணி வரல. தொடாமலே இருந்திருந்தா அன்னைக்கே கிணறு முடிஞ்சிருக்கும். இந்த வேலைக்குச் சும்மா இருந்தே பழகின ஆளா வேணும். நம்ம கணக்கரை விட்டா யார் இருக்கா?"

கிரீடம் சாயும் அளவுக்குச் சிரித்தார் ராஜா. பேச்சிமுத்துவின் கட்டு அவிழ்ந்தது. இன்னும் ஏழு நாள் தவணையும் ஒரு ஜோடி தங்கக் காப்பும் கிடைத்தன.

"கணக்கரே, மேற்குத் தோட்டத்துக்கும் ஒரு கிணறு வேண்டும். நாளைக் காலையில் போய் அங்கே சும்மா உட்காரும். தண்ணீர் வந்ததும் எழுந்து வரலாம்."

"வெயில்... ஒரு குடையாவது..." என்று இழுத்தார் கணக்கர்.

"குடை எதுக்குங்க?" என்றான் குப்பாண்டி. "நீங்க உட்கார்ந்த உடனே ஊத்து பொங்கிடும். நீச்சல் தெரியுமா, அதைச் சொல்லுங்க!"